காய்ச்சல் போய் மாசக்கணக்காச்சு, மூட்டு நோவு ஏன் போகல? முண்ணாணுக்குள்ள நடக்கிற விசயம்

2024 கடைசியில இருந்து 2025க்குள்ள இலங்கையில நுளம்பால பரவுற சிக்குன்குனியா வைரஸ் காய்ச்சல் மறுகாத் தலைதூக்கினது எல்லாருக்கும் தெரியும். மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்து ஆக்களுக்கு இது புதுப் பேர் இல்ல, 2006 கடைசியில வாகரைப் பக்கமிருந்தும் மூதூர்ப் பக்கமிருந்தும் இடம்பெயர்ந்த சனம் முகாமில கிடந்த அந்த நேரத்துலயே இந்த வருத்தம் இங்க வந்து போயிருக்கு. அப்பவும் சரி இப்பவும் சரி சனத்தைக் குழப்புறது காய்ச்சலுக்குப் பிறகு நிக்கிற மூட்டு நோவுதான். காய்ச்சல் ஒரு கிழமை பத்து நாளில போயிரும். நோவு போகாது. விடியக்காலம் எழும்பினா விரலை மடக்க ஏலாது, தேங்காய் துருவ ஏலாது, வயலுக்குப் போற மனிசன் மண்வெட்டிப் பிடியை இறுக்க ஏலாம நிக்கிறார், கிளினிக்குக்குப் போனா அழற்சியைக் காட்டுற ரத்தப் பரிசோதனைகள் ஈஎஸ்ஆர், சிஆர்பி எல்லாம் நோர்மல், எக்ஸ்ரேயிலயும் ஒண்டும் இல்ல எண்டு சொல்லி அனுப்புறாங்க. அதுக்குப் பிறகு வீட்டில ஆரம்பிக்குது, "உனக்கு ஒண்டும் இல்ல, எல்லாம் மனசுதான்" எண்டு.

அப்பிடிச் சொல்லுறது பிழை. அந்த நோவு உண்மையான நோவு. ரத்தத்தையும் எலும்பையும் பாக்கிற ரிப்போர்ட்டில வராத ஒரு இடத்துல, முள்ளந்தண்டுக்குள்ளால போற முண்ணாணுக்குள்ள, புரதங்களும் அயன்களும் மாறிப்போய்க் கிடக்கலாம். அது என்ன மாற்றம், எப்பிடி வருது, ஏன் சில குளிசை கேக்குது சிலது கேக்காது எண்டதை அடியில இருந்து பாப்பம். இது சிக்குன்குனியாவுக்கு மட்டும் இல்ல, ரூமட்டொயிட் ஆத்ரைட்டிஸ் (உடம்போட எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குற வருத்தம்), முழங்கால் தேய்மானம், ஒப்பரேசனுக்குப் பிறகு நிக்கிற நோவு எல்லாத்துக்கும் இதுல பாதிக் கதை பொருந்தும்.

முதல்ல அடிப்படை

அழற்சி எண்டா கிருமியோ காயமோ வந்த இடத்துக்கு நோய் எதிர்ப்புக் கலங்கள் ஓடி வந்து வேலை செய்யிறது. அந்த இடம் சிவக்கும், சுடும், வீங்கும், நோகும். இது உடம்பு தன்னைக் காப்பாத்துற வேலை, அதுல பிழை ஒண்டும் இல்ல.

முண்ணாண் எண்டா முள்ளந்தண்டு எலும்புக்குள்ளால போற நரம்புத் தொகுதி. வளந்த ஆளுக்குச் சுமார் 45 சென்ரிமீற்றர் நீளம், ஒரு விரல் மொத்தம். எலும்பு வேற முண்ணாண் வேற எண்டதை மனசில வச்சுக்கொள்ளுங்க, "முதுகெலும்பு தேஞ்சு போச்சு" எண்டு ஆக்கள் சொல்லுற கதைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

நோவுச் செய்தியைக் கொண்டு போற நரம்பு நார் ரெண்டு வகை. ஏ-டெல்டா எண்டது வேகமானது, செக்கனுக்கு 5 இல் இருந்து 30 மீற்றர் வரைக்கும் போகும், முள் குத்தினா சுள்ளெண்டு வாற முதல் நோவு இதால. சி நார் எண்டது மெதுவானது, செக்கனுக்கு ஒரு மீற்றர் அளவுதான், அதுக்குப் பிறகு வந்து நிக்கிற எரிவும் உளைவும் இதால. மூட்டு அழற்சியில கூடுதலா வேலை செய்யிறது இந்த சி நார்.

இந்த நரம்புக் கலத்தோட அமைப்பைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கலத்தோட உடல் முள்ளந்தண்டுக்குப் பக்கத்துல ஒரு சின்ன முடிச்சுக்குள்ள இருக்கு, அதுல இருந்து ஒரு கை உங்கட விரல் மூட்டு வரைக்கும் நீளுது, மற்றக் கை முண்ணாணுக்குள்ள போகுது. ஒரே கலம். விரல் மூட்டில இருந்து வாறது கழுத்துப் பக்கத்து முண்ணாணுக்குள்ளயும், முழங்காலில இருந்து வாறது இடுப்புப் பக்கத்து நரம்பால ஏறியும் போய்ச் சேருது. முண்ணாணைக் குறுக்கா வெட்டிப் பாத்தா நடுவில வண்ணாத்திப்பூச்சி வடிவத்துல சாம்பல் நிறப் பகுதி தெரியும், அதுல முதுகுப் பக்கமா நிக்கிற பகுதியைப் பின்கொம்பு எண்டு சொல்லுவாங்க. சுவீடன் நாட்டு புரோர் ரெக்செட் 1952ல இந்தச் சாம்பல் பகுதியைப் பத்துப் படையாப் பிரிச்சுக் காட்டினார், நோவு நார்கள் பெரும்பாலும் வந்து முடியிறது பின்கொம்பின்ட முதலாம் ரெண்டாம் படையிலதான். இங்கதான் முதல் கலம் அடுத்த கலத்துக்குச் செய்தியைக் கைமாத்துது. ரெண்டுக்கும் இடையில இருக்கிற நுணுக்கமான இடைவெளிக்குப் பேர் சினாப்ஸ்.

நோவு எண்ட உணர்ச்சி மூளைக்குப் போன பிறகுதான் வருது. அதுக்கு முதல் இந்தப் பின்கொம்பில செய்தியைக் கூட்டலாம், குறைக்கலாம், அடியோட நிப்பாட்டவும் செய்யலாம்.

மூட்டுக்குள்ள நடக்கிறது

வைரஸ் மூட்டுக்குள்ள போனதும் அங்க சேருற அழற்சிப் பொருட்கள் கொஞ்சமில்ல: புரொஸ்டகிளாண்டின் ஈ2, பிராடிகைனின், நரம்பு வளர்ச்சிக் காரணி, டிஎன்எஃப், இன்டர்லூகின்-1பீட்டா, இன்டர்லூகின்-6. இதுகள் நேரா நரம்பு முனையில ஒட்டுது. நரம்பு முனையில இருக்கிற டிஆர்பிவி1 எண்ட புரதம் சாதாரணமா 43 பாகை செல்சியசுக்கு மேல சூடு பட்டாத்தான் திறக்கும், கொச்சிக்காய் கடிச்சா வாற எரிவும் இதே புரதத்தாலதான் (1997ல டேவிட் ஜூலியஸ் குழு கண்டுபிடிச்சது, அதுக்கு 2021ல நோபல் கிடைச்சது). அழற்சிப் பொருட்கள் வந்து ஒட்டினதும் இந்த 43 எண்ட அளவு கீழ இறங்கி உடம்புச் சூட்டிலயே திறக்கத் தொடங்குது. அதோட நரம்புச் சிக்னலை உண்டாக்குற சோடியம் வாசல்கள், முக்கியமா நாவ் 1.8 எண்டது, லேசாத் திறக்கும். விளைவு, மூட்டு சும்மா இருக்கிற நேரமும் சி நார் முண்ணாணுக்குச் சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இவ்வளவும் நடக்கிறது மூட்டில. அழற்சி அடங்கினா இதுவும் அடங்கவேணும். அடங்காத நோவை விளங்கிக்கொள்ள அந்த சினாப்ஸுக்குக் கிட்டப் போகவேணும்.

ஒரு சினாப்ஸைக் கிட்ட வச்சுப் பாத்தா

1. சாதாரண நேரம். சி நார் முனையில இருந்து குளுட்டமேட் எண்ட இரசாயனம் வெளிய வருது. எதிர்க் கலத்துல அதை வாங்கிக்கொள்ளுற புரதங்கள் இருக்கு, ரிசெப்டர் எண்டு சொல்லுவம், ஏஎல் பயோவில வாங்கி எண்டு படிச்சிருப்பீங்க. ஆம்பா ரிசெப்டர் திறந்து சோடியம் உள்ள போகும், செய்தி மேல போகும், மில்லி செக்கன் கணக்கில முடிஞ்சுரும். ஆம்பாவுக்குப் பக்கத்துல என்எம்டிஏ எண்ட இன்னொரு ரிசெப்டர் இருக்கு, ஆனா அதோட துவாரத்தை ஒரு மக்னீசியம் அயன் அடைச்சுக்கொண்டிருக்கும். குளுட்டமேட் வந்து ஒட்டினாலும் அது வேலை செய்யாது.

2. சி நார் விடாம அடிக்கிற நேரம். இப்ப குளுட்டமேட்டோட சேந்து சப்ஸ்டன்ஸ் பி, சிஜிஆர்பி, பிடிஎன்எஃப் எண்ட பெரிய மொலிக்கியூல்களும் வெளிய வருது. சப்ஸ்டன்ஸ் பி போய் என்கே1 ரிசெப்டரில ஒட்டினா எதிர்க் கலத்தோட மின்னழுத்தம் செக்கன் கணக்கா உயர்ந்தே நிக்கும். ஒரு சிக்னல் இறங்க முதல் அடுத்தது வந்து மேல ஏறும், அதுக்கு மேல அடுத்தது. ஒரு கட்டத்துல மக்னீசியம் துவாரத்தை விட்டுத் தள்ளுப்பட்டுப் போகும். என்எம்டிஏ திறந்துரும். ஒரே அளவு சிக்னல் திருப்பித் திருப்பி வந்தா முண்ணாண் கலம் ஒவ்வொரு தரமும் முந்தினதை விடக் கூடப் பதில் குடுக்கிறதை லோர்ன் மெண்டெல் 1960களிலயே அளந்து காட்டியிருந்தார்.

3. என்எம்டிஏவால உள்ள போறது கல்சியம். முழுக் கதையும் திரும்புற இடம் இதுதான். கல்சியம் வெறும் மின்னூட்டம் இல்ல, அது கலத்துக்குள்ள ஒரு கட்டளை மாதிரி. பிகேசி, காம்கேஐஐ, ஈஆர்கே எண்ட நொதியங்களை அது தட்டி எழுப்பும், அந்த நொதியங்கள் ரிசெப்டர்களில பொஸ்பேற்றைக் கொண்டு போய் ஒட்டும். பொஸ்பேற் ஒட்டின என்எம்டிஏ முந்தி மாதிரி இல்ல, கொஞ்சக் குளுட்டமேட்டுக்கே நல்லாத் திறக்கும். ஆம்பாவிலயும் ஆள் மாறுது. கல்சியத்தை உள்ள விடாத குளுஏ2 பகுதி உள்ள ரிசெப்டர்கள் மேற்பரப்பில இருந்து உள்ளுக்கு இழுக்கப்படுது, கல்சியத்தை விடுற வகை வெளிய வருது. நீண்ட நாள் அழற்சி குடுத்த எலிகளில இதைத் தெளிவாக் காட்டியிருக்கிறாங்க. அதாவது இப்ப கல்சியம் போறதுக்கு ரெண்டாவது வழியும் திறந்துட்டு.

4. மணித்தியாலக் கணக்கா இது நீடிச்சா ஈஆர்கே கலத்தோட கருவுக்குள்ளயே போகும், அங்க ஜீன்களை இயக்கும். புதுசா என்கே1 ரிசெப்டர், புரொஸ்டகிளாண்டினை உண்டாக்குற காக்ஸ்-2 நொதியம் எல்லாம் உற்பத்தியாகும். இந்தக் கட்டம் நாள் கணக்கில, அதுக்கு மேலயும் நிக்கக்கூடியது.

இதுல ரெண்டாவதுல இருந்து நாலாவது வரைக்கும் சேந்த நிலைக்கு மையக் கூருணர்வு எண்டு சொல்லுவம். 1983ல கிளிஃபர்ட் வுல்ஃப் எலிகளை வச்சு இதைக் காட்டினார், காலில காயம் வந்த பிறகு முண்ணாண் பக்கத்துல வந்த மாற்றம் காயத்தை விறைக்கப் பண்ணியும் முழுசா அடங்கல. அதுக்கு முதல் நோவு எண்டா காயத்துல இருந்து வாற செய்தி மட்டும்தான், முண்ணாண் அதைக் கடத்துற வயர் எண்டுதான் பெரும்பாலும் நினைச்சிருந்தாங்க.

இந்த நிலை வந்த ஆளுக்கு என்ன தெரியும்? மூண்டு விசயம். நோகவேண்டிய அளவை விடக் கூட நோகும். நோகவே கூடாத விசயம், போர்வை உரசுறது, கைக்குழந்தை விரலைப் பிடிக்கிறது, இதுகளும் நோகும். அதோட நோவு மூட்டை விட்டு வெளிய பரவும், மணிக்கட்டு வருத்தம் எண்டு தொடங்கினது முழங்கை வரைக்கும் வரும். மூண்டாவதைச் சொன்னா ஆக்கள் கூடுதலா நம்பாம விடுறாங்க, ஆனா பின்கொம்புக் கலங்கள் கேக்கிற பரப்பு விரியிறதை எலெக்ட்ரோட் வச்சு அளந்தே காட்டியிருக்கு.

பிரேக் கழண்டு போறது

கூடுறது ஒரு பக்கம். குறைக்கிறது நிண்டு போறது மற்றப் பக்கம், எனக்கு இதுதான் கூட முக்கியமாப் படுது.

பின்கொம்பில இருக்கிற சின்ன நரம்புக் கலங்களில நல்ல பங்கு செய்தியை அடக்குற வேலை செய்யுது. கிளைசின், காபா எண்ட ரெண்டு இரசாயனங்களை விட்டு நோவுக் கலங்களை அமத்தி வைக்குது. 1965ல மெல்சாக்கும் வோலும் சொன்ன வாசல் கோட்பாடு இதைத்தான் அடிப்படையா வச்சது: தொடுகையைக் கொண்டு வாற மொத்தமான நார்கள் வேலை செஞ்சா இந்த அடக்குற கலங்கள் எழும்பி நோவுக்கு வாசலைச் சாத்தும். முழங்கால் அடிபட்டதும் நாம கையால தேய்க்கிறது, உம்மாவோ அம்மம்மாவோ எண்ணெய் போட்டு உரோஞ்சி விட்டா சுகமா இருக்கிறது, இதுக்கெல்லாம் விஞ்ஞான விளக்கம் இதுதான்.

ஆனா அழற்சி வந்தா என்ன நடக்குது எண்டா, முண்ணாணுக்குள்ளயே காக்ஸ்-2 உற்பத்தியாகி அங்கயே புரொஸ்டகிளாண்டின் ஈ2 உருவாகுது. அது ரெண்டாம் படைக் கலங்களில ஈபி2 எண்ட ரிசெப்டரில ஒட்டி, பிகேஏ எண்ட நொதியத்தை எழுப்பி, கிளைசின் ரிசெப்டரில ஒரு வகையை, ஆல்ஃபா3 எண்டதை, மந்தமாக்கிப் போடுது. 2004ல இந்தச் சங்கிலி முழுசா வெளிய வந்தது, ஆல்ஃபா3 இல்லாத எலிகளுக்கு அழற்சி குடுத்தா நோவு அந்தளவுக்கு நீடிக்கல எண்டு காட்டினாங்க. அடக்குறவன் அடக்கேலாமப் போனா தொடுகைச் செய்தியும் நோவு வழியில ஏறும். முந்தி எண்ணெய் போட்டு உரோஞ்சச் சுகமா இருந்த அதே கை, காய்ச்சலுக்குப் பிறகு "தொடாதீங்க, நோகுது" எண்டு கத்த வைக்கிறது இதாலதான். அந்த நேரம் நல்லா அமத்தி உரோஞ்சினாச் சரியாகும் எண்டு பலவந்தம் பண்ணாதீங்க.

இன்னொரு விசயம். ஒரு காலில மட்டும் அழற்சி குடுத்த எலியில காக்ஸ்-2 முண்ணாண் முழுக்க, மூளையிலயும் கூடினதை 2001ல கண்டாங்க. அந்தக் கால் நரம்பை மருந்தால அடைச்சும் அது முழுசா நிக்கல. நரம்பு வழி மட்டும் இல்ல, ரத்த வழியாலயும் செய்தி போகுது, முண்ணாணுக்குள்ள அதைக் கிளப்பிவிடுறதுல இன்டர்லூகின்-1பீட்டாவுக்குப் பெரிய பங்கு. காய்ச்சல் நேரம் மூட்டு மட்டும் இல்லாம உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி உளையிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

நரம்பு இல்லாத கலங்களும் சேருது

முண்ணாணுக்குள்ள நரம்புக் கலங்களோட மைக்ரோகிளியா, ஆஸ்ட்ரோசைட் எண்ட கலங்களும் இருக்கு, இதுகளைப் பொதுவாக் கிளியா எண்டு சொல்லுவம். மைக்ரோகிளியா எண்டது மத்திய நரம்புத் தொகுதியோட சொந்தக் காவல் கலம். சி நார்கள் விடாம அடிக்க, இதுகள் முழிச்சுக்கொண்டு டிஎன்எஃப், இன்டர்லூகின்-1பீட்டா, இன்டர்லூகின்-6 எண்டதுகளை உள்ளுக்கயே விடுது. டிஎன்எஃப் குளுட்டமேட் வெளியேறுறதைக் கூட்டும், இன்டர்லூகின்-6 அடக்குற செய்தியைக் குறைக்கும், இன்டர்லூகின்-1பீட்டா ரெண்டையும் செய்யும். மூட்டில இருந்த அழற்சிக்கு ஒரு சின்னப் பிரதி முண்ணாணுக்குள்ள உருவாகுது எண்டு வச்சுக்கொள்ளலாம், வீக்கமும் இல்ல சிவப்பும் இல்ல, ரத்தப் பரிசோதனையிலயும் வராது. ஆஸ்ட்ரோசைட்டுகள் பிந்தித்தான் எழும்பும், ஆனா எழும்பினா லேசில படுக்காது, நாள்பட்ட நோவை இழுத்துக்கொண்டு போறதுல அதுகளுக்குத்தான் கூடப் பங்கு எண்டு ஆய்வுகள் காட்டுது.

இதுல ஆண் பெண் வித்தியாசமும் இருக்கு. 2015ல வந்த எலி ஆய்வில மைக்ரோகிளியாவை நிப்பாட்டினா ஆண் எலிகளில நோவு குறைஞ்சது, பெண் எலிகளில குறையல, பெண் எலிகளில அந்த வேலையை டி கலங்கள் எண்ட நோய் எதிர்ப்புக் கலங்கள் செய்யுது எண்டு தெரிய வந்தது. அதுக்கு முதல் பல வருசமா நோவு ஆய்வுகளில பெரும்பாலும் ஆண் எலிகளைத்தான் பாவிச்சாங்க. நீடிச்ச மூட்டு நோவோட கிளினிக் வரிசையில இருக்கிறது கூடுதலாப் பெண்கள், அவங்களுக்குக் குடுக்கப்போற மருந்தை ஆண் எலியில மட்டும் சோதிச்சது எவ்வளவு பெரிய குறை எண்டு யோசிச்சுப் பாருங்க.

மழை விட்ட பிறகும் ஓடுற தண்ணி

மட்டக்களப்பு ஆக்களுக்கு இதை ஒரு உதாரணத்தால சொல்லலாம். மாரி மழைக்கு வாவி நிரம்பி ஊருக்குள்ள தண்ணி ஏறினா பாலமீன்மடுப் பக்கம் முகத்துவாரத்து மண்ணை வெட்டி விடுவாங்க. வெட்டுறது ஒரு நாள் வேலை. ஆனா மழை விட்ட உடன முகத்துவாரம் மூடாது, கடல் அலை மண்ணைக் கொண்டு வந்து கொஞ்சம் கொஞ்சமாச் சேத்து மூடவேணும், அதுவரைக்கும் தண்ணி போய் வந்துகொண்டுதான் இருக்கும். முண்ணாண் சினாப்ஸும் அப்பிடித்தான், திறந்துவிட்ட காரணம் போய்ட்டு, திறந்தது திறந்தபடி.

இதை நேரடியாக் காட்டின ஆய்வு ஒண்டு இருக்கு, கலிபோர்னியாவில செஞ்சது. எலிகளுக்கு மூட்டு அழற்சியை உண்டாக்கினாங்க. சில கிழமையில வீக்கம் வடிஞ்சு போச்சு, ஆனா பாதத்தைத் தொட்டா வாற நோவு அதுக்குப் பிறகும் நிண்டது. வீக்கம் இருந்த நேரம் அழற்சி எதிர்ப்பு மருந்து கேட்டது. வீக்கம் போன பிறகு அதே மருந்து கேக்கல, ஆனா நரம்புக்குக் குடுக்கிற கபாபென்டின் கேட்டது. கிளியாவில இருக்கிற டிஎல்ஆர்4 எண்ட ரிசெப்டர் வேலை செய்யாத எலிகளில முதல் கட்ட நோவு வந்தது, ரெண்டாவது கட்டம் நிக்கல. ஒரே நோவு மாதிரித் தெரியிறது உண்மையில ரெண்டு கட்டம், ரெண்டு இடம், ரெண்டு மருந்து எண்டது இதால விளங்குது.

அப்ப சிக்குன்குனியாவுக்குப் பிறகு வாறது எந்தக் கட்டம்?

ஆளுக்கு ஆள் வேற, இதைத் தெளிவாச் சொல்லவேணும். 2005-06ல இந்து சமுத்திரத்துல இருக்கிற ரீயூனியன் தீவில சனத்தொகையில மூண்டில ஒரு பங்குக்கு இந்த வருத்தம் வந்தது, அதே பரம்பரை வைரஸ்தான் 2006ல இந்தியாவுக்கும் இங்கயும் வந்தது. அங்க ஆக்களைத் தொடர்ந்து பாத்ததுல சிலருக்கு மூட்டுக்குள்ள அழற்சி உண்மையிலயே மாசக்கணக்காத் தொடருது, ஒரு நோயாளிக்குப் பதினெட்டு மாசத்துக்குப் பிறகும் மூட்டுச் சவ்வில வைரஸோட ஆர்என்ஏ கிடந்தது. சிலருக்கு இது ரூமட்டொயிட் மாதிரியே மாறும். இன்னும் சிலருக்கு மூட்டு சுத்தமா இருக்கும், நோவு மட்டும் நரம்பு நோவோட குணத்தைக் காட்டும்: எரிவு, ஊசி குத்துற மாதிரி, தொட்டா நோகுறது. அதனால நோவு நீடிச்சா எல்லாம் முண்ணாண்தான் எண்டு நீங்களே முடிவெடுத்துப்போட்டு இருக்கக் கூடாது. மூண்டு மாசம் தாண்டினா, விடியக்காலம் விறைப்பு அரை மணித்தியாலத்துக்கு மேல நிண்டா, மூட்டு வீங்கிச் சுட்டா, டொக்டரிட்டப் போய் அழற்சி இருக்கா இல்லையா எண்டதை முதல்ல பிரிச்சுப் பாக்கவேணும்.

போற நேரம் வெறும் "நோகுது" எண்டு சொல்லாம, எந்த மூட்டு, வீக்கம் இருக்கா, எரிவா உளைவா, உடுப்பு உரசினாலும் நோகுதா, நித்திரை வருதா எண்டு சொல்லுங்க. டொக்டர் மருந்தைத் தெரிவு செய்யிறதுல அந்தப் பதில்களுக்குப் பெரிய பங்கு இருக்கு.

எந்தக் குளிசை எங்க வேலை செய்யுது

டைக்குளோபெனக், ஐபுபுரூபன் மாதிரிக் குளிசைகள் காக்ஸ் நொதியத்தை அடைக்குது. ஆஸ்பிரின் புரொஸ்டகிளாண்டினை நிப்பாட்டுது எண்டு ஜோன் வேன் 1971ல காட்டினதுல இருந்து இது தெரியும். மூட்டிலயும் முண்ணாணிலயும் புரொஸ்டகிளாண்டின் ஊறிக்கொண்டிருக்கிற வரைக்கும் கேக்கும். முண்ணாணுக்குள்ள ரிசெப்டரும் கிளியாவும் மாறின பிறகு பெரிசாக் கேக்காது. கேக்கல எண்டு ரெண்டு குளிசையை நாலாக்கினா நோவு குறையாது, இரைப்பையும் கிட்னியும்தான் பழுதாகும். அம்பாறை மாவட்டத்து விவசாயப் பகுதிகளில காரணம் தெளிவாத் தெரியாத கிட்னி வருத்தம் இருக்கிறதால இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்லுறன். அதை விட முக்கியம், காய்ச்சல் இருக்கிற நேரம் டெங்கு இல்ல எண்டு உறுதியாகுற வரைக்கும் இந்தக் குளிசை எதையும் எடுக்கக் கூடாது, ரத்தக் கசிவு வரலாம். அந்த நேரத்துக்கு அளவோட பனடோல் மட்டும்.

கபாபென்டின், பிரிகபலின் ரெண்டும் சி நார் முனையில இருக்கிற கல்சியம் வாசலோட ஆல்ஃபா2டெல்டா பகுதியைப் பிடிக்குது, குளுட்டமேட்டும் சப்ஸ்டன்ஸ் பியும் வெளியேறுறது குறையும். நரம்பு நோவுக்கு உதவும், ஆனா தலைச்சுத்து, நித்திரைக் கலக்கம் வரும், பிரிகபலினை இளம் பொடியன்கள் போதைக்கு எடுக்கிறதும் நடக்குது, அதனால பார்மசியில கேட்டு வாங்குற சாமான் இல்ல இது.

அமிட்ரிப்டிலின், டுலொக்செடின் எண்டதை எழுதினா "எனக்கு மனவருத்தமா, என்னத்துக்கு இந்த மருந்து" எண்டு கோபப்பட்டுக் குப்பையில போடுற ஆக்கள் நிறைய. தயவுசெஞ்சு போடாதீங்க. மூளைத் தண்டில இருந்து முண்ணாணுக்கு இறங்கி வாற நரம்பு வழி ஒண்டு இருக்கு, அது நொரட்ரெனலினையும் செரட்டொனினையும் விட்டுப் பின்கொம்பை அமத்தும். இந்தக் குளிசைகள் அந்த வழியைப் பலப்படுத்துது. நோவுக்குக் குடுக்கிற அமிட்ரிப்டிலின் அளவு மனச்சோர்வுக்குக் குடுக்கிறதை விட நல்லாக் குறைவு. நித்திரை இல்லாட்டி அந்த இறங்கு வழி தளரும், மெதுவாக் கை கால் அசைச்சு நடந்தா பலப்படும், டொக்டர்மார் நடக்கச் சொல்லுறது இதுக்காகவும்தான்.

என்எம்டிஏவை நேரா அடைக்கலாமே எண்டு கேக்கலாம். கெட்டமின் எண்ட மயக்க மருந்து அதைச் செய்யுது. ஆனா அதே ரிசெப்டர்தான் மூளையில ஞாபகத்துக்கும் கல்விக்கும் வேலை செய்யிறது, அதனால ஆஸ்பத்திரியில கண்காணிப்போடதான் குடுக்கலாம். சப்ஸ்டன்ஸ் பிக்கு எதிரான என்கே1 மருந்துகள் எலியில அழகா வேலை செஞ்சு மனிசருக்கு நோவில தோத்துப்போச்சு, இப்ப அதுல ஒண்டு, அப்ரெபிடன்ட், கான்சர் மருந்தால வாற சத்திக்குக் குடுக்கிறாங்க. இத்தனை வழி ஒரே நேரத்துல திறந்து கிடக்கிற இடத்துல ஒண்டை மட்டும் அடைச்சா மற்றதால போகும்.

இப்ப செய்தியில வாற புதுக் குளிசை

2025 ஜனவரியில அமெரிக்காவில சுசெட்ரிஜின் எண்ட மருந்துக்கு அனுமதி குடுத்தாங்க, "அடிமையாக்காத புது நோவு மருந்து" எண்டு எல்லா இடத்துலயும் ஷேர் ஆகுது. அது அடைக்கிறது மேல சொன்ன அந்த நாவ் 1.8 வாசலை. இந்த வாசல் பெரும்பாலும் வெளி நரம்புகளில இருக்கிறதால மூளையைக் கலக்காது, மோர்பின் மாதிரிப் பழக்கமும் வராது எண்டு எதிர்பாக்கிறாங்க, அது உண்மையிலயே பெரிய விசயம். ஆனா அனுமதி திடீர் நோவுக்குத்தான், ஒப்பரேசனுக்குப் பிறகு வாற மாதிரியான நோவுக்கு. சயாட்டிகா எண்ட நாள்பட்ட கால் நரம்பு நோவுக்குச் சோதிச்ச ஆய்வோட முடிவு 2024 டிசம்பரில வந்தது, மருந்து எடுத்த ஆக்களுக்கு நோவு குறைஞ்சது, ஒப்பிட்டுப் பாக்கக் குடுத்த, மருந்தே இல்லாத வெறும் குளிசை எடுத்த ஆக்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு குறைஞ்சது. வெளி நரம்பில இருந்து வாற சிக்னலை அடைக்கிற மருந்து, அந்த சிக்னல்தான் நோவை இழுத்துக்கொண்டிருக்கிற ஆளுக்கு உதவலாம், முண்ணாணுக்குள்ளயே நிலை மாறின ஆளுக்கு அந்தளவுக்கு உதவாமப் போகலாம். அதனால அந்தக் குளிசை நாளைக்கு இங்க வந்தாலும், காய்ச்சலுக்குப் பிறகு மாசக்கணக்கா நிக்கிற மூட்டு நோவுக்குக் கேக்குமா எண்டதை அந்த நோயாளிகளிலயே, அதுலயும் பெண்களைச் சரியான அளவுல சேத்து, தனியாச் சோதிச்சுத்தான் சொல்லலாம்.